பொன்னுசாமிக்குப் போடாத சால்வை

சால்வை ஊதா நிறத்தில் இருந்தது. ஓரத்தில் பளபளவென்று சரிகை. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அதை நிஷாவின் மடியில் வைத்தார் பயிற்சியாளர் அக்தர் சார்.

"போட்டுடும்மா. ரெண்டு செகண்டு வேலை. வாயத் திறந்து பேசக்கூட வேணாம்."

"அப்ப நீங்களே போட்டுடுங்க சார்."

"நான் போட்டா அது மரியாதை. நீ போட்டாத்தான் மன்னிப்பாம். சொல்லி அனுப்பிட்டாரு."

பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண மண்டபம் அது. முந்தின நாள் வரவேற்புக்குக் கட்டிய பூ வளைவை இன்னும் அவிழ்க்கவில்லை. வாசலில் மணமக்களின் பெயரைச் சொல்லும் மின்விளக்குப் பலகை பட்டப்பகலிலும் மினுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டுக் கூடத்தின் நடுவில் சண்டை மேடையைப் போட்டிருந்தார்கள். இடுப்புக்குச் சற்றுக் கீழே உயரம், சதுரம், மேலே கான்வாஸ். சுற்றிக் கயிறு கிடையாது. விழுந்தால் தாங்கக் கீழே மெத்தை.

வூஷூவில் தனியாக ஆடிக் காட்டுகிற பிரிவும் உண்டு, ஆளோடு ஆள் மோதுகிற பிரிவும் உண்டு. மோதுகிறதற்குச் சாண்டா என்று பேர். குத்தலாம், உதைக்கலாம், காலைப் பிடித்துத் தூக்கிப் போடலாம், மேடையை விட்டே தள்ளலாம். கயிறு இல்லாததால், தள்ளப்பட்ட ஆளுக்குப் பிடித்துக்கொள்ளக் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. நிஷாவுக்கு இந்த விளையாட்டில் பிடித்ததே அந்தக் கயிறில்லாத விளிம்புதான்.

அன்று மாநில அணிக்கான தேர்வு. பெண்கள் ஐம்பத்தாறு கிலோப் பிரிவில் இருப்பது ஒரே இடம். அதற்கு நிற்பவர்கள் இரண்டு பேர்: கோவளத்து நிஷா, பள்ளிக்கரணை கனகவல்லி. ஜெயித்தவள் தேசியப் போட்டிக்குப் போவாள், தோற்றவள் வீட்டுக்குப் போவாள். காலையிலேயே இருவரும் எடை பார்த்தாயிற்று. யாருக்குச் சிவப்பு மூலை, யாருக்குக் கறுப்பு மூலை என்று சீட்டும் குலுக்கியாயிற்று. ஆனால் நிஷா மேடை ஏற வேண்டுமானால் அதற்கு முன்னால், திறப்பு விழாவில், சங்கச் செயலாளர் பொன்னுசாமிக்கு எல்லார் எதிரிலும் அவள் சால்வை போர்த்த வேண்டும். வூஷூ விதிகளில் அப்படி ஒன்று கிடையாது. இது பொன்னுசாமி போட்ட விதி.

காரணம் ஒரு குத்துவிளக்கு.

போன வருடத் தேர்விலும் சிறப்பு விருந்தினர் வந்து விளக்கேற்றினார். மண்டபத்து மேடையில் விளக்கை வைத்தால் போட்டோவில் சண்டை மேடை விழாது என்று, சண்டை மேடையின் நட்டநடுவிலேயே கொண்டுபோய் வைத்தார்கள். ஐந்து முகமும் ஏற்றிக் கைதட்டிப் படம் பிடித்து விளக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எண்ணெய் மட்டும் கான்வாஸிலேயே தங்கிவிட்டது.

முதல் சண்டை ஃபஹீமாவுடையது. கூடுவாஞ்சேரிப் பெண், மேற்குத் தாம்பரத்தில் அக்தர் சார் நடத்தும் மொட்டைமாடி வகுப்பில் ஆரம்ப நாளிலிருந்து நிஷாவின் ஜோடி. நாற்பத்தெட்டு கிலோவில் அவளை அசைக்க ஆளில்லை. எதிராளி அவளைத் தொடக்கூட இல்லை. உதைக்கக் காலைத் தூக்கினாள், ஊன்றிய கால் வழுக்கியது, முழங்கால் ஒரு பக்கமாகத் திரும்பிய சத்தம் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது. 'பயிற்சிக் குறைவால் ஏற்பட்ட காயம்' என்றது சங்கம். நிஷா அந்த எண்ணெய்க் கறையைப் போனில் படம் பிடித்து, 'இதுதான் அந்தப் பயிற்சிக் குறைவு' என்று இன்ஸ்டாகிராமில் போட்டாள். ஊரே பார்த்தது. சங்கத்தின் மானம் போயிற்று என்றார் பொன்னுசாமி. ஃபஹீமாவின் முழங்கால் போனதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"உனக்கு மட்டும்னா நான் கேக்கவே மாட்டேன் நிஷா," என்றார் அக்தர் சார். "வகுப்போட அங்கீகாரத்தையே எடுத்துடுவேன்றாரு. மாடியில அத்தனை புள்ளைங்க இருக்கு. அதுங்க எந்தப் பேர்ல போய் ஆடும்?"

பொன்னுசாமி மிரட்டினால் எதிர்த்துப் பேசிவிடலாம். அக்தர் சார் கெஞ்சுகிறார். பிளாஸ்டிக் உறை அவள் மடியில் சரசரத்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கோவளம் மீன் விற்கிற இடத்திலிருந்து அம்மா குப்பம்மா. பின்னால் ஒரே கூச்சல்.

"இன்னாடி, மேல ஏறிட்டியா?"

"இன்னும் இல்லம்மா. ஒருத்தருக்குச் சால்வை போடணுமாம்."

"சால்வையா? இந்த வெய்யில்ல எவன்டி அவன், குளிர் ஜொரமா அவனுக்கு?"

"மன்னிப்புக் கேக்கறதுக்கும்மா. அந்த வெளக்கு எண்ணெயப் படம் புடிச்சிப் போட்டேன்ல, அதுக்கு."

அந்தப் பக்கம் யாரோ வஞ்சிரத்துக்கு விலை கேட்டார்கள். "இரு நைனா, பேசிகினு கீறேன்ல!" என்று அவரை அதட்டிவிட்டுக் குப்பம்மா சொன்னாள்: "தோ பாரு. என் மீனு நாறுதுன்னு எவளாவது சொன்னா சண்டைக்குப் போவேன். நெசமாவே நாறிச்சின்னா, வாய மூடிகினு கூடைய மாத்துவேன். அந்தாளு கூடைய மாத்தினானா இல்லியா, அத்த மட்டும் பாரு. வெச்சிடறேன்."

நிஷா நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேர் ஒரு குத்துவிளக்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்து சண்டை மேடையின் நடுவில் வைத்தார்கள். ஒருவர் ஐந்து முகத்திலும் தளும்பத் தளும்ப எண்ணெய் ஊற்றினார்.

கூடை மாறவில்லை.

"அதே எடம்டி," என்றாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஃபஹீமா. முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, நிஷாவின் கிளவுஸையும் தண்ணீர் பாட்டிலையும் சுமக்கிற வேலைக்கு வந்திருந்தாள். "நீ எனக்காக ஒண்ணும் பண்ணாதே. போட்டுட்டுப் போய் ஆடு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"நீ கோவிச்சுக்குவியான்னு நான் கேட்டனா?"

"கேக்கல."

"அப்ப கம்முனு இரு."

சிறப்பு விருந்தினர் கூடுவாஞ்சேரியில் மனை போட்டு விற்கிறவர். வெயில் ஏறியபிறகுதான் வந்தார். வூஷூ என்பது ஜப்பான் நாட்டின் அரிய கலை என்று ஆரம்பித்தார். பின்னாலிருந்து ஒருவர் காதோரம் "சைனா சார்" என்றதும், "ஜப்பானுக்குப் பக்கத்தில் உள்ள சைனாவின்" என்று திருத்திக்கொண்டார். அடுத்துப் பொன்னுசாமி மைக்கைப் பிடித்தார். கோவளத்து அலையிலே படகிலே நின்று பழகிய கால்கள் என்பதாலேதான் நிஷாவுக்கு மேடையிலே இத்தனை நிதானம் என்றார். ஃபஹீமா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். படகில் ஏறினாலே நிஷாவுக்கு வாந்தி என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

"நல்ல பிள்ளைதான்," என்று தொடர்ந்தார் பொன்னுசாமி. "இளமை வேகத்திலே சென்ற ஆண்டு ஒரு தவறு செய்துவிட்டது. அதற்கு வருத்தம் தெரிவிக்கும் விதமாக இப்போது நமக்கு, அதாவது சங்கத்துக்கு, பொன்னாடை போர்த்தும்."

விளக்கை அப்போதுதான் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். போகிற வழியெல்லாம் சொட்டிக்கொண்டே போயிற்று.

நிஷா உறையைப் பிரித்துச் சால்வையை எடுத்துக்கொண்டு சண்டை மேடையில் ஏறினாள். கேமராக்காரர் ஒரு முட்டியை மடக்கிக் குறி பார்த்தார். பொன்னுசாமி தோளைத் தளர்த்தி, கழுத்தைச் சற்றுத் தாழ்த்தி, பல் தெரியாத ஒரு புன்னகையோடு நின்றார். நிஷா அவரைத் தாண்டி நடந்து, விளக்கு இருந்த இடத்துக்குப் போய், முழங்காலிட்டு, சால்வையால் எண்ணெயைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பொன்னுசாமியின் கழுத்து இன்னும் தாழ்ந்தே இருந்தது. சேதி அவருக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

இதில் ஒரு சங்கடம். அது பாலியெஸ்டர் சால்வை. எந்தக் காலத்தில் எந்தப் பொன்னாடை எதை உறிஞ்சியிருக்கிறது? துடைக்கத் துடைக்க எண்ணெய் பரவியது. உள்ளங்கை அளவு இருந்த கறை முறம் அளவு ஆயிற்று. நிஷாவுக்குக் காது சுட்டது. வீராப்பாக வந்தாயிற்று, இப்போது எழுந்து போகவும் முடியாது.

"தள்ளுக்கா. சோப்புத் தண்ணி போட்டாத்தான் போவும்."

கனகவல்லி. ஒரு கையில் மண்டபத்துச் சமையற்கட்டிலிருந்து கொண்டுவந்த வாளி, தோளில் பந்தி துடைக்கிற துணி. பொன்னுசாமியின் சொந்த கிளப்பில் பயில்கிறவள் அவள். இன்னும் சற்று நேரத்தில் இதே மேடையில் நிஷாவை உதைக்கப் போகிறவளும் அவள்தான்.

"உங்க சாரு பாக்கறாரு," என்றாள் நிஷா.

"பாக்கட்டும். அவரா வந்து இதுல ஆடப்போறாரு? எனக்கும் ரெண்டு முட்டி கீது."

இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து தேய்த்தார்கள். துணியால் ஒற்றி, ஃபேனைத் திருப்பி வைத்துக் காயவிட்டார்கள். அதற்குள் எத்தனையோ போன்கள் அதைப் படம் பிடித்துவிட்டன. பொன்னுசாமி மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனார். இந்தமுறை மேடைத் தமிழ் வரவில்லை.

"ஒழுங்கீனம்! நிஷாவை நீக்கியாச்சு. ஐம்பத்தாறு கிலோவுக்குக் கனகவல்லி செலக்டட். அடுத்த வெயிட்டைக் கூப்பிடுங்க."

நிஷா மேடையை விட்டு இறங்கி அக்தர் சாரைத் தேடினாள். அவர் நாற்காலி காலியாக இருந்தது. போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்தாள். அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவருக்குக் காக்க ஒரு மாடி இருந்தது. ஃபஹீமாவிடம் கையை நீட்டி, "கிளவுஸக் குடு," என்றாள்.

"நீக்கிட்டாங்கடி."

"எடை பாத்தாச்சி. சீட்டுப் போட்டாச்சி. என் மூலை செவப்பு. நான் போய் நிக்கறேன். வேணும்னா வந்து தூக்கிப் போடட்டும்."

தலைக்கவசம், மார்புக் கவசம், பல்லுக்கு ரப்பர் எல்லாம் போட்டுக்கொண்டு அவள் ஏறிச் சிவப்பு மூலையில் நின்றாள். கீழே, அந்த மூலைக்கு உரிய பயிற்சியாளர் நாற்காலியை யாரோ தரையில் இழுக்கும் சத்தம். அக்தர் சார். முகத்தைக் கழுவிவிட்டு வந்திருந்தார். சட்டைக் காலரில் ஈரம்.

"சார், நம்ம வகுப்பு?"

"மாடிய எவன் தூக்கிட்டுப் போவான்? அப்புறம் பாத்துக்கலாம். கைய மேல வை."

இப்போது எல்லார் பார்வையும் தலைமை நடுவர் ஹேமாவதியிடம் போயிற்று. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. அதிர்ந்து பேசாதவர். அன்று காலை எடை பார்த்து முடித்ததிலிருந்து ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியிருக்கவில்லை.

"மேடம், அந்தப் பொண்ணை இறக்குங்க," என்றார் பொன்னுசாமி.

"நீக்கறதா இருந்தா எடை பாக்கறதுக்கு முன்னாடி நீக்கியிருக்கணும் சார். சீட்டுக் குலுக்கினதுக்கு அப்புறம் மேடைக்கு நான் பொறுப்பு." ஹேமாவதி விசிலை எடுத்தார். "எடை பாக்க நீங்கதானே விட்டீங்க?"

விட்டவர் அவர்தான். தன் தோளில் சால்வை விழுந்துவிடும் என்ற நம்பிக்கையில், படத்தில் நிஷா விளையாட்டு உடையோடு இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று அவரே சொல்லி எடை பார்க்க அனுப்பியிருந்தார்.

"கறுப்பு மூலை, கனகவல்லி!" என்று கூப்பிட்டார் ஹேமாவதி.

பொன்னுசாமி கனகவல்லியின் தோளை அழுத்தினார். "உக்காரு. நீ ஏற வேணாம். நீதான் ஏற்கெனவே செலக்டட் ஆச்சே."

"கறுப்பு மூலை, கனகவல்லி! ரெண்டாவது அழைப்பு."

பொன்னுசாமி சிரித்தபடி கைகட்டி நின்றார். சண்டையே நடக்காவிட்டால் நிஷா எப்படி ஜெயிப்பாள்? சங்கத்து ஆள் ஒருவர் ஓடிவந்து அவர் காதில் ஏதோ சொன்னார். சிரிப்பு அப்படியே உறைந்தது. மூன்றாவது அழைப்புக்கும் வராத ஆள் தோற்றதாகக் கணக்கு. மேடையில் நிற்கிற ஆளுக்கு வெற்றி. அதுதான் விதி, இது நிஜமாகவே விதி.

"ஏறு! ஏறு! போம்மா, சீக்கிரம்!"

கனகவல்லி ஏற்கெனவே தலைக்கவசத்தின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள். "நீங்க சொல்றதுக்காக ஏறல சார். உக்காந்தபடியே செலக்ட் ஆனவன்னு எங்க தெருவுல என்னிய ஓட்டுவானுங்க."

மூன்றாவது அழைப்பு வாயை விட்டு வருவதற்குள் அவள் மேலே இருந்தாள்.

"கைஷி!" என்றார் ஹேமாவதி. சீன மொழியில் ஆரம்பி என்று அர்த்தம். உலகத்தில் எங்கே சாண்டா நடந்தாலும் அதே சொல்தான்.

முதல் சுற்று நிஷாவுடையது இல்லை. உள்ளே கொதித்துக்கொண்டிருந்த எல்லாவற்றையும் கைக்குக் கொண்டுவந்து முட்டி மோதினாள். கனகவல்லி உயரம், நீளமான கால். நிஷா பாய்ந்த ஒவ்வொரு தடவையும் பக்கவாட்டு உதை ஒன்று வந்து மார்புக் கவசத்தில் சப்பென்று அறைந்தது. மணி அடித்தபோது நடுவர்கள் எல்லாரும் கறுப்பைக் காட்டினார்கள்.

"யார்கிட்ட ஆடற நீ?" என்றார் அக்தர் சார், அவள் வாயில் தண்ணீரை ஊற்றி. "பொன்னுசாமிகிட்ட காட்ட வேண்டியதக் காட்டியாச்சு. அது முடிஞ்சுது. மேல நிக்கறது கனகவல்லி. அவ உனக்குத் தரை தொடைச்சுக் குடுத்தவ. அவகிட்ட ஆடு."

இரண்டாவது சுற்றில் நிஷா பாயவில்லை, காத்திருந்தாள். அந்த உதை வரட்டும் என்று விட்டு, வந்த காலை விலாவோடு இடுக்கிக்கொண்டு, ஊன்றிய காலைத் தட்டினாள். கனகவல்லி மல்லாக்க விழுந்தாள், நிஷா நின்றாள். விழுந்தவளுக்குப் புள்ளி இல்லை, நின்றவளுக்கு உண்டு. இன்னொரு முறையும் அதே மாதிரி. அந்தச் சுற்று சிவப்புக்குப் போயிற்று. கூடத்தில் விசில் பறந்தது. ஃபஹீமா முழங்காலை மறந்து எழுந்துவிட்டு, வலியில் "யா அல்லா" என்று உட்கார்ந்தாள்.

மூன்றாவது சுற்றில் கனகவல்லி கால் கொடுக்கவில்லை. கையாலேயே குத்திக் குத்தி நகர்த்தினாள். நிஷா திருப்பிக் கொடுத்தாள். மூக்கில் உப்புக் கரித்தது. யார் முன்னால், யார் பின்னால் என்று யாருக்கும் தெரியவில்லை. நேரம் முடியப்போகிற கட்டத்தில் நிஷாவின் குதிகாலுக்குக் கீழே கான்வாஸ் இல்லை. விளிம்பு.

"தள்ளு! தள்ளு அவள!" என்று கத்தினார் பொன்னுசாமி.

இத்தனை நேரம் பொறுத்திருந்த கனகவல்லி அந்தக் குரலுக்குக் கால் தூக்கினாள். நேராக மார்புக்கு ஒரு தள்ளுதை. நிஷா அதை மார்பிலேயே வாங்கி, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, விழப்போகிற பக்கத்துக்கே இடுப்பைத் திருப்பினாள். தள்ள வந்த வேகம் கனகவல்லியையே தூக்கிக்கொண்டு போயிற்று. அவள் நிஷாவைக் கடந்து கீழே மெத்தையில் தொம்மென்று விழுந்தாள். நிஷா விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, பட்டம் வாலாட்டுவது போலக் கைகளை ஆட்டி, விழுவதா வேண்டாமா என்று யோசிக்கிறவள் போல ஆடி, நின்றுவிட்டாள்.

ஹேமாவதி இருவரின் மணிக்கட்டையும் பிடித்து நடுவில் நின்றார். நடுவர்களைப் பார்த்தார். நிஷாவின் கையை உயர்த்தினார். பிறகு தானே மைக்கை வாங்கி, "பெண்கள் ஐம்பத்தாறு கிலோ, மாநில அணிக்கு, நிஷா," என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லி, மைக்கை இருந்த இடத்தில் வைத்தார். அதையும் எல்லாப் போன்களும் கேட்டுக்கொண்டன.

"அடுத்த வருஷம் அந்தக் காலத் தர மாட்டேங்க்கா," என்றாள் கனகவல்லி மூச்சு வாங்க.

"இன்னொரு கால் கீதுல்ல, அத்தக் குடு."

சண்டை முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தாலும் தோற்றாலும் எதிராளியின் பயிற்சியாளர் முன்னால் போய் நின்று, வலது முஷ்டியை இடது உள்ளங்கையில் பதித்து, மார்புக்கு நேராக நீட்டி வணக்கம் சொல்ல வேண்டும். அவரும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கனகவல்லி அக்தர் சாரிடம் போனாள். அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். நிஷா கறுப்பு மூலைக்குப் போனாள். அங்கே பயிற்சியாளர் நாற்காலியில் பொன்னுசாமி.

முஷ்டியை வைத்தாள். முதுகு வளையவில்லை, தலை தாழவில்லை. விளையாட்டு கேட்கிற அளவு, அதற்கு மேல் ஒரு இம்மியும் இல்லை. பொன்னுசாமி போனை எடுத்து எதையோ தேடினார். நிஷா கையை இறக்கவில்லை. அவர் சிறப்பு விருந்தினர் பக்கம் திரும்பினார். நிஷா இறக்கவில்லை. மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் உதட்டுக்கு வந்தது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. பேச்சுச் சத்தம் வரிசை வரிசையாக அடங்கிக்கொண்டே வந்தது.

"சார், அக்கா வணக்கம் வெச்சிகினு நிக்கறாங்க," என்றாள் கனகவல்லி. "வாங்கிக்கங்க."

பொன்னுசாமி எழுந்தார். முஷ்டியும் உள்ளங்கையும் ஒன்றையொன்று தேடிப் பிடிப்பது போலச் சேர்ந்தன. கேமராக்காரர் பழக்கதோஷத்தில் ஒரு படம் எடுத்துவிட்டார்.

"நேஷனல்ஸுக்கு டீம் மேனேஜரா நான்தான் கூட வரேன்," என்றார் அவர், உதடு அசையாமல். "ஞாபகம் வெச்சுக்கோ."

"வாங்க சார்," என்றாள் நிஷா. "ரயில் டிக்கெட் போடறப்போ உங்களுக்குக் கீழ் பெர்த், எனக்கு மேல் பெர்த்தாப் பாத்துப் போடுங்க."